குச்சியில் குத்திய கண்ணாடிப் பழம்: வீட்டில் தாங்ஹுலு செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழத்தைக் குச்சியில் குத்திச் சர்க்கரைப் பாகில் முக்கி எடுக்கிற சீன மிட்டாய்க்குத் தாங்ஹுலு என்று பெயர். கைபேசியில் அதைக் கடிக்கிற ‘கறுக்’ சத்தம் கேட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டுப் பிள்ளைகள் விடவில்லை. முதல் மூன்று தடவையும் எனக்குச் சரியாக வரவில்லை. நாலாவது தடவை வந்தது. அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தினரும் உறவுக்காரர்களும் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

தாங்ஹுலு எந்த ஊர்ப் பண்டம்?

வட சீனாவின் குளிர்காலத் தெருப் பண்டம். குறிப்பாக பெய்ஜிங், தியான்ஜின் நகரங்களில் பெயர் பெற்றது. ஷான்ஜா என்கிற சிவப்புப் பழத்தை வரிசையாக மூங்கில் குச்சியில் கோத்து, கொதிக்கிற பாகில் புரட்டி எடுத்து ஆறவைப்பார்கள். மேலே கண்ணாடி மாதிரி மெல்லிய சர்க்கரை ஓடு, உள்ளே புளிக்கிற பழம்.

விற்கிற விதம் நமக்குப் பழகியதுதான். நம் ஊர்த் திருவிழாவில் சவ்வு மிட்டாய்க்காரர் மூங்கில் கழியின் மேல் பொம்மையை வைத்துக் கைதட்ட வைத்துக்கொண்டு வருவாரே, அதைப்போல அங்கே விற்பவர் ஒரு கழியின் தலையில் வைக்கோலைத் தடிமனாகச் சுற்றிக் கட்டி, அதில் குச்சிகளைச் செருகிக்கொண்டு வருவார். தூரத்திலிருந்து பார்த்தால் சிவப்பாகக் காய்த்துக் குலுங்கும் மரம் ஒன்று நடந்து வருவது போலிருக்கும். சீனப் புத்தாண்டையொட்டி பெய்ஜிங்கின் சாங்தியன் கோயில் சந்தையில் ஆள் உயரத்துக்குக் கோத்த நீளக் குச்சிகள் கூட உண்டு.

பெயருக்கு என்ன அர்த்தம்?

‘தாங்’ என்றால் சர்க்கரை. ‘ஹுலு’ என்றால் சுரைக்காய். நம் பொரியல் சுரைக்காய் இல்லை, இடுப்புச் சிறுத்து மேலும் கீழும் உருண்டிருக்கும் குடுக்கைச் சுரை. சின்னப் பழம் ஒன்றும் பெரிய பழம் ஒன்றுமாகக் கோத்தால் அந்த உருவம் வருகிறது. முழுப்பெயர் ‘பிங்தாங் ஹுலு’. பிங்தாங் என்பது சொல்லுக்குச் சொல் ‘பனிக்கட்டிச் சர்க்கரை’, அதாவது நம் கற்கண்டு. ஆகவே கற்கண்டுச் சுரைக்காய் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வர முடியாது. தியான்ஜின்காரர்கள் மட்டும் இதைத் ‘தாங்துன்’ என்பார்கள்.

ஒரு ராணியின் நோயைத் தீர்க்கக் கண்டுபிடித்தது என்கிறார்களே?

சோங் அரசவம்சத்தின் குவாங்சோங் பேரரசர் 1189 முதல் 1194 வரை ஆண்டவர். அவருக்குப் பிரியமான ஒருத்தி சாப்பாடு இறங்காமல் மெலிந்துகொண்டே போனாளாம். அரண்மனை வைத்தியர்கள் எல்லாரும் கைவிட்ட பிறகு, வெளியிலிருந்து வந்த ஒரு வைத்தியர், ஷான்ஜாவைக் கற்கண்டோடு வேகவைத்துச் சாப்பாட்டுக்கு முன் சில பழங்கள் கொடுக்கச் சொன்னாராம். இரண்டு வாரத்தில் குணமாம்.

கதை அழகாக இருக்கிறது. ஆனால் குவாங்சோங் ஆண்ட காலத்தில் அந்த அரசின் தலைநகரம் தெற்கே இருந்த இன்றைய ஹாங்சோ. வட சீனா அப்போது வேறொரு அரசின் கையில். வடக்கத்திப் பண்டத்துக்குத் தெற்கத்தி அரண்மனையில் பிறப்புச் சான்றிதழ் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: கொழுப்பான இறைச்சி சாப்பிட்ட வயிற்றுக்கு ஷான்ஜா நல்லது, செரிக்க வைக்கும் என்பது சீன வைத்தியத்தில் நெடுங்காலமாக இருக்கிற நம்பிக்கை. கதை அதிலிருந்து கிளைத்திருக்கலாம்.

ஷான்ஜா நம் ஊரில் கிடைக்குமா? அதற்குப் பதில் எதைப் போடலாம்?

புதுப் பழமாக நம் சந்தையில் நான் பார்த்ததில்லை. சீன மளிகைக் கடைகளில் வட்டமாக நறுக்கி உலர்த்தியது கிடைக்கும், ஆனால் அது கொதிக்கவைத்துக் குடிக்கத்தான் ஆகும். தாங்ஹுலுவுக்கு உதவாது.

ஷான்ஜா நெல்லிக்காய் அளவில் இருக்கும். ஆப்பிள் குடும்பம், சதை மாவாக இருக்கும், புளிப்புத் தூக்கலாக இருக்கும். இந்தப் புளிப்புதான் முக்கியம். பாகு வெறும் தித்திப்பு, அதை வெட்டுவதற்குப் பழம் புளிக்க வேண்டும். அதனால் தேன் மாதிரி இனிக்கும் சப்போட்டாவையோ வாழைப்பழத்தையோ போட்டுவிட்டு ‘திகட்டுகிறதே’ என்று கேட்பதில் நியாயமில்லை.

விதையில்லாத பச்சைத் திராட்சை எனக்கு முதல் தேர்வு. தோல் முழுசாக இருப்பதால் சாறு கசியாது, விலையும் குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். பன்னீர் திராட்சை மணமாக இருக்கும், ஆனால் விதையும் கழன்று வருகிற தோலுமாக வாயில் கூட்டம் சேரும். ஸ்ட்ராபெர்ரி பார்க்க அழகு, கையாளத் தொல்லை. காம்பை வெட்டிய இடத்தில் நீர் விட்டுக்கொண்டே இருக்கும். காம்போடு விட்டுவிட்டால் பிரச்சினை பாதி குறையும். கமலா ஆரஞ்சுச் சுளையை மெல்லிய தோல் கிழியாமல் பிரித்து, அரைமணி நேரம் மின்விசிறிக்கு அடியில் காயவைத்துப் போட்டால் பிரமாதம். செர்ரித் தக்காளியையும் சீனாவில் போடுகிறார்கள். கேட்கும்போது முகம் சுளிக்கத் தோன்றும். ஒருமுறை சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சுளியுங்கள்.

தர்பூசணி, அன்னாசி, மாம்பழம் போன்ற வெட்டுப் பழங்கள் வேண்டாம். வெட்டிய பக்கமெல்லாம் ஈரம். பாகு பிடித்தாலும் பத்து நிமிடத்தில் கரைந்து வழியும்.

திராட்சை போடுவது இப்போது வந்த நாகரிகம்தானே? அசல் ஷான்ஜா மட்டும்தானே?

அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் சிங் அரசாட்சியின் கடைசிக் கட்டத்தில், 1906-ல் அச்சான பெய்ஜிங் பருவ வழக்கங்கள் பற்றிய குறிப்பிலேயே திராட்சை வந்துவிடுகிறது. மூங்கில் குச்சியில் திராட்சை, கொடியில் காய்க்கும் சின்ன வள்ளிக் காய், காட்டு ஆப்பிள், ஷான்ஜா எல்லாம் கோத்துக் கற்கண்டுப் பாகில் தோய்ப்பார்கள் என்றும், இனிப்பாக, மொறுமொறுப்பாக, குளுகுளு என்றிருக்கும் என்றும் சொல்கிறது. குளிர்கால ராத்திரியில் சாப்பிட்டால் நிலக்கரிப் புகை ஏறிய மந்தம் தெளியும் என்றும் ஒரு வரி. மூடிய அறையில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு குளிர்காய்ந்த ஊருக்கு அது ஒரு மருந்து போல.

ஷான்ஜாவின் நடுவைக் கீறி விதையை எடுத்துவிட்டு, இனிப்புச் சிவப்புக் காராமணி விழுதோ வால்நட் பருப்போ வைத்து மூடிக் கோப்பதும் பழைய வழக்கமே.

என்னென்ன வேண்டும்? அளவு என்ன?

சர்க்கரை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. முதல் தடவை செய்பவர்கள் 200 கிராம் சர்க்கரைக்கு 100 மில்லி தண்ணீர் எடுத்தால் போதும். நாலைந்து திராட்சை கோத்த குச்சிகள் எட்டு, பத்து தாராளமாக வரும். அதற்கு மேல் பாகு மிஞ்சும். மிஞ்சத்தான் செய்யும், குச்சி முங்கப் பாகுக்கு ஆழம் வேண்டுமே. அதனால் அகலமான வாணலி வேண்டாம். சின்னதாக, அடி கனமாக, கைப்பிடி உள்ள பாத்திரமாகப் பாருங்கள். உள்பக்கம் கறுப்பாக இருக்கும் நான்ஸ்டிக்கை விட எவர்சில்வர் நல்லது, பாகின் நிறம் தெரியும்.

கபாப் செய்ய விற்கிற மூங்கில் குச்சி, தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவிய எவர்சில்வர் தட்டு அல்லது பட்டர் பேப்பர், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஐஸ் போட்ட தண்ணீர். இவ்வளவுதான். இதில் ஒன்றைக்கூடப் பாகு கொதிக்கும்போது தேடப் போகக்கூடாது. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

கற்கண்டு போட்டால்தான் அசலா? வெல்லம், நாட்டுச்சர்க்கரை போட்டால் உடம்புக்கு நல்லதல்லவா?

கற்கண்டும் சர்க்கரையும் ஒரே பொருள்தான். கற்கண்டு மறுபடி படிகமாக்கியது என்பதால் அழுக்கு குறைவு, பாகு கொஞ்சம் தெளிவாக வரும். விலையைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். சாதாரணச் சர்க்கரையில் கசடு மிதந்தால், கரைந்த உடனேயே துணியில் வடிகட்டிவிட்டு மறுபடி அடுப்பில் ஏற்றலாம். நாம் பாகில் அழுக்கெடுக்க ஒரு கரண்டி பால் விடுவோமே, அதை இங்கே செய்யாதீர்கள். மிஞ்சிய பால் இந்தச் சூட்டில் கருகி நிறத்தைக் கெடுக்கும்.

வெல்லத்திலும் நாட்டுச்சர்க்கரையிலும் சர்க்கரையோடு வேறு பல சரக்குகளும் இருக்கின்றன. அவை சீக்கிரம் தீயும், காற்றிலிருந்து ஈரத்தையும் வேகமாக உறிஞ்சும். கண்ணாடி ஓடு வராது. பனங்கற்கண்டுக்கும் இதே கதைதான். உடம்புக்கு நல்லதா என்று கேட்டால், தாங்ஹுலு சாப்பிடுகிற அன்றைக்கு அந்தக் கேள்வியைத் தள்ளிவைப்பதே நேர்மை.

பாகு பதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? என்னிடம் வெப்பமானி இல்லை.

எல்லாரும் தோற்பது இந்த இடத்தில்தான். நானும் இங்கேதான் தோற்றேன்.

சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்து கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகப் போகப் போகப் பாகின் சூடு ஏறும். சூட்டை அளந்தால் உள்ளே எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பது தெரிந்துவிடும். கம்பிப் பதம் 110 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும். அப்போது பாகில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். கையில் உருட்டினால் கெட்டியாக உருள்கிற பதம் 120-ஐ ஒட்டி. தாங்ஹுலுவுக்கு வேண்டியது 150 டிகிரி. அந்த நிலையில் நூற்றுக்கு 99 பங்கு சர்க்கரை, தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு பங்கு. 146-க்குக் கீழே எடுத்தால் பல்லில் ஒட்டும். 160-ஐத் தாண்டினால் நிறம் மாறும், அப்புறம் கசக்கும்.

வெப்பமானி இல்லாவிட்டால் கவலையே வேண்டாம். கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிக்கிற வீட்டில் இந்தச் சோதனை எல்லாருக்கும் தெரியும். அம்மா வெல்லப் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுவார். அதை எடுத்து உருட்டித் தட்டில் போடுவார். ‘டங்’கென்று சத்தம் வந்தால் பொரியைக் கொட்டலாம். சத்தம் வராவிட்டால் கரண்டி மறுபடி பாத்திரத்துக்குப் போகும். கடலை மிட்டாய்ப் பாகுக்கும் அதே சத்தம்தான் சாட்சி. சீன வீடுகளிலும் இதையேதான் செய்கிறார்கள்: குச்சி நுனியால் கொஞ்சம் பாகைத் தொட்டுக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி, கடித்துப் பார்க்கிறார்கள்.

செய்துகாட்டுவது போலச் சொல்கிறேன். மிதமான தீயில் வைத்த பாகு முதலில் பெரிய பெரிய குமிழியாக, சோற்றுக் கஞ்சி மாதிரி அவசரமாகக் கொதிக்கும். இந்தக் கட்டம் நெடுநேரம் நீடிக்கும், பொறுமை போய்விடும். பிறகு குமிழிகள் சிறுத்து, நெருங்கி, உடைவதற்கே சோம்பல்படும். கொதிக்கிற சத்தமும் தணியும். இங்கே தீயைக் குறைத்துச் சோதனையைத் தொடங்குங்கள். ஒரு சொட்டை ஐஸ் தண்ணீரில் விட்டு ஐந்து எண்ணிவிட்டு எடுங்கள். வளைந்தால் காத்திருங்கள். கெட்டியாக இருக்கிறது ஆனால் கடித்தால் பல்லைப் பிடிக்கிறது என்றால் இன்னும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். இந்த இடத்தில்தான் எல்லாரும் ஆசைப்பட்டு முக்கிவிடுகிறார்கள். பல்லுக்கிடையில் கண்ணாடி போல ‘படக்’கென்று முறிந்து, ஒட்டாமல் விலகினால் பதம் வந்துவிட்டது. பாகின் நிறத்தை அப்போது பாருங்கள்: ஓரத்தில் வைக்கோல் மஞ்சள் மிக லேசாக எட்டிப் பார்க்கும்.

கடைசிக் கட்டத்தில் தண்ணீர் மிச்சமில்லாததால் சூடு விறுவிறுவென்று ஏறும். வாசலில் மணி அடித்தாலும் போகக்கூடாத நேரம் அது.

நடுவில் கிளறலாமா?

சர்க்கரை கரையும் வரை கிளறலாம். கொதி வந்த பிறகு கரண்டியை வெளியே வைத்துவிடுங்கள். தேவைப்பட்டால் பாத்திரத்தைப் பிடித்து லேசாகச் சுழற்றலாம்.

கிளறாமல்தான் செய்தேன், ஆனாலும் பாகு வெள்ளையாகப் பூத்து மணல் மாதிரி ஆகிவிட்டது. ஏன்?

பாதுஷாவுக்கு மேலே வெள்ளையாகப் பூப்பது நமக்கு வேண்டும். இங்கே அதுவே எதிரி. பாத்திரத்தின் சுவரில் தெறித்து ஒட்டிய ஒரே ஒரு சர்க்கரைக் கட்டி பாகுக்குள் விழுந்தால் போதும், அதைப் பார்த்து மற்றதெல்லாம் படிகமாக வரிசையில் நிற்கத் தொடங்கிவிடும். தொடக்கத்தில் இரண்டு நிமிடம் மூடி போட்டுக் கொதிக்கவிட்டால் ஆவியே சுவரைக் கழுவிவிடும். இல்லாவிட்டால் தண்ணீரில் நனைத்த தூரிகையால் ஓரத்தை வழித்துவிடுங்கள்.

இன்னொரு காவல் எலுமிச்சை. 200 கிராம் சர்க்கரைக்கு ஐந்தாறு சொட்டுச் சாறு. புளிப்பு, சர்க்கரையில் ஒரு பகுதியை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்துவிடும். இரண்டும் குறுக்கே நின்று படிகம் சேரவிடாமல் தடுக்கும். சொட்டுகள் என்றால் சொட்டுகள்தான். அரை மூடி பிழிந்தால் ஃப்ரக்டோஸ் கூடிப்போய் ஓடு பிசுபிசுக்கும். கேக் சாமான் கடையில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸ் ஒரு தேக்கரண்டி விட்டாலும் அதே பலன்.

பூத்துப் போனதைக் குப்பையில் கொட்ட வேண்டாம். தண்ணீர் விட்டுக் கரைத்து மறுபடி தொடங்கலாம். இதே ‘கோளாறை’த் தெரிந்தே செய்து ஒரு பண்டமாக்கியவர்கள் தென் சீனாவின் தியோசியூ வட்டாரத்துக்காரர்கள். பொரித்த சேப்பங்கிழங்குத் துண்டுகளின் மேல் பாகைப் பூக்கவிட்டு வெள்ளை வெளேரென்று பரிமாறுவார்கள். ‘மணலுக்குத் திரும்புவது’ என்று அந்த முறைக்குப் பெயர்.

பழத்தை எப்படி முக்குவது?

கழுவிய பழத்தைத் துணியால் ஒற்றி, ஒரு மணி நேரமாவது காற்றாட விடுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்த பழத்தின் மேல் வியர்த்திருக்கும், அது கூடாது. காம்பு இருந்த குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒளிந்திருக்கும். சூடான பாகில் பட்டால் தெறிக்கும். அங்கேயும் ஒற்றி எடுங்கள்.

பதம் வந்ததும் தீயை மிகக் குறைத்து, பாத்திரத்தைச் சாய்த்து, குச்சியைக் கிடையாக வைத்து ஒரே ஒரு சுற்று. பழைய கைகாரர்கள் பழத்தைப் பாகுக்குள் அமுக்குவதே இல்லை. மேலே மிதக்கும் நுரையில் மட்டும் உருட்டி எடுப்பார்கள். அப்போதுதான் ஓடு தாள் போல மெல்லியதாக இருக்கும். நாம் ஆசையில் இரண்டு சுற்றுச் சுற்றுவோம். அது ஓடு இல்லை, கவசம். பல் உடையும். எடுத்தவுடன் மேலே தூக்கி நன்றாக வடியவிட்டு, எண்ணெய் தடவிய தட்டில் வையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகிவிடும்.

பெய்ஜிங் கடைகளில், பாகில் முக்கியெடுத்த குச்சியை ஈரமான பலகையிலோ சலவைக்கல்லிலோ ஓங்கி ஒரு தட்டுத் தட்டித் தன் பக்கம் இழுப்பார்கள். குச்சியின் தலைப்பக்கம் ஒரு மெல்லிய சர்க்கரைத் தகடு விசிறி போல விரியும். பிள்ளைகள் முதலில் அதைத்தான் ஒடித்துத் தின்பார்கள். நான் பலமுறை முயன்றதில் ஒரு தடவை விசிறி வந்தது, மற்ற தடவையெல்லாம் பழம்தான் பறந்தது.

ஐஸ் தண்ணீரில் முக்குவது காணொளிகளில் வருகிறது. உடனே இறுகும் என்பது உண்மைதான். ஆனால் மேலே ஈரத்தையும் பூசிவிடும். உடனடியாகச் சாப்பிடுவதானால் சரி.

பல்லில் ஒட்டுகிறது. என்ன தப்பு?

பாகு முற்றவில்லை. வேறு காரணம் தேட வேண்டாம்.

முக்கும்போது நன்றாக இருந்தது. கால்மணி நேரத்தில் பிசுபிசுவென்று வழிகிறது. ஏன்?

ஓடு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பிசுபிசுத்தால் காற்று. பழத்தை ஒட்டிய உள்பக்கம் கரைந்து ஓடு வழுகினால் பழத்தின் ஈரம். முதலாவதுக்கு மருந்து வறண்ட அறை, இரண்டாவதுக்குப் பழத்தை ஒற்றி எடுக்கும் துணி.

காற்று என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்த ஓடு படிகமே இல்லை, உறைந்துபோன திரவம், ஜன்னல் கண்ணாடி மாதிரி. தண்ணீரைக் கண்டால் விடாது, காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். முன்பெல்லாம் மெரினாவில் வாங்கிய பஞ்சு மிட்டாய் வீடு வந்து சேர்வதற்குள் சுருங்கிச் சிவப்புக் கறையாகிவிடுமே, அதே கணக்கு. பெய்ஜிங்கின் ஜனவரி மாதச் சராசரி உறைநிலைக்கும் கீழே. வடக்கிலிருந்து வருகிற காற்று வறண்ட காற்று. அங்கே குச்சியை வைக்கோலில் செருகிக்கொண்டு நாள் முழுக்கத் தெருவில் நடக்கலாம். வெப்பமும் ஈரமும் உள்ள தென் சீனாவில் இந்தப் பண்டம் வேர் பிடிக்காததற்கும் இதுதான் காரணம். தாங்ஹுலுவின் செய்முறையில் பாதியை பெய்ஜிங் வானிலைதான் எழுதியிருக்கிறது. நாம் அந்தப் பாதியை எங்கிருந்தாவது கடன் வாங்க வேண்டும்.

சென்னை மாதிரி ஊரில் செய்யவே முடியாதா?

முடியும். நான் முதலில் செய்த நாள் ஐப்பசி மழை. துவைத்த துணியே மூன்று நாளாகக் காயாத சமயம். பாகு சரியாகத்தான் வந்தது, தட்டிலிருந்து எடுக்கும்போது குச்சியோடு தட்டும் வந்தது. மழை நாளில் ஆரம்பிக்கவே வேண்டாம். வறண்ட நாளின் நடுப்பகலாகப் பாருங்கள். ஏசி அறையின் காற்று வறண்டிருக்கும், அதனால் அடுப்படியில் முக்கி, உடனே ஏசி அறைக்குள் கொண்டுபோய் ஆறவிடுங்கள். சாப்பிடுகிறவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு முக்குங்கள். தோசை மாதிரிதான் இது, ஆளைக் காக்க வைக்கலாம், பண்டத்தைக் காக்க வைக்கக்கூடாது.

பிறந்தநாள் விழாவுக்கு முன்னாளே செய்து வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம்.

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்த்து ஓடு கரையும். காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வைத்து, எடுத்த கையோடு கடித்தால் ஓரளவு தாங்கும். பழம் உறைந்து ஐஸ் பழமாகியிருக்கும், அது ஒரு தனி ருசி. சீனாவில் ஒட்டாமல் இருக்க, வாயில் வைத்தால் கரைந்துவிடுகிற மெல்லிய அரிசித்தாளைச் சுற்றி விற்பார்கள். தாளோடே தின்னலாம்.

மைக்ரோவேவில் ஐந்து நிமிடத்தில் செய்யலாம் என்கிறார்களே?

செய்யாதீர்கள். கண்ணாடிக் கோப்பைக்குள் பாகு எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று வெளியே தெரியாது. குமிழி வராமலே சூடேறி, கோப்பையை அசைத்ததும் பொங்கும். கோப்பையே விரிசல் விடலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இப்படிச் செய்யப்போய்ச் சுட்டுக்கொண்டு வருவதைப் பார்த்து, 2024-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் தீக்காய மருத்துவர்கள் வெளிப்படையாகவே எச்சரித்தார்கள்.

அடுப்பில் செய்தாலும் பயம் இருக்கட்டும். கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரி, தோலில் பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு 150 டிகிரி, பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே சுடும். கையில் பட்டால் பதறிப் பிய்த்து எடுக்க வேண்டாம், தோலும் சேர்ந்து வரும். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஓடவிடுங்கள். ஐஸ், பற்பசை, மஞ்சள், மை எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்தில் பட்டாலோ, சிறு குழந்தையாக இருந்தாலோ மருத்துவரிடம் ஓடுங்கள். பாகு காய்ச்சும்போது பிள்ளைகளுக்குப் பழம் கோக்கிற வேலையைக் கொடுத்து அடுப்படிக்கு வெளியே உட்கார வைப்பது என் வழக்கம்.

எத்தனை வயதுக் குழந்தைக்குக் கொடுக்கலாம்?

ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முழுத் திராட்சையே ஆபத்து, தொண்டையில் அடைக்கும். அதன்மேல் ஓடும் உடைந்த சில்லும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கும் குச்சியின் கூர்முனையைக் கத்தரித்துவிட்டுக் கொடுங்கள். ஓடிக்கொண்டே தின்னக்கூடாது. பல் கட்டியவர்கள், பல்லுக்குக் கம்பி போட்டவர்கள் பார்த்து மகிழ்ந்தால் போதும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஸ்டீவியா போட்டுச் செய்யலாமா?

ஸ்டீவியாவால் இனிக்க வைக்க முடியும், ஓடாக இறுக முடியாது. ஐசோமால்ட் என்கிற மாற்றுச் சர்க்கரை கண்ணாடி மாதிரி இறுகும், ஈரமும் அவ்வளவாக இழுக்காது. கேக் அலங்காரக்காரர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கூடுதலாகத் தின்றால் வயிற்றைக் கலக்கும். பழத்தில் இருக்கிற சர்க்கரை எங்கேயும் போய்விடாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இது கொரியப் பண்டம் என்று என் மகள் சொல்கிறாளே?

அவள் பார்த்த காணொளி கொரியாவுடையதாக இருக்கும். தென் கொரியாவில் 2023-ல் இது பித்தாகவே பரவியது. அங்கே ‘தாங்ஹுரு’ என்பார்கள். தெருவுக்குத் தெரு கடை. குச்சியும் பிசுபிசுப்புமாகக் குப்பை. தாங்ஹுருவோடு உள்ளே வரக்கூடாது என்று மற்ற கடைக்காரர்கள் வாசலில் எழுதி ஒட்டினார்கள். பிள்ளைகள் தின்கிற சர்க்கரை அளவு நாடாளுமன்றம் வரை பேச்சானது. அடுத்த வருஷமே கடைகள் பல மூடப்பட்டன. ஸ்ட்ராபெர்ரியும் பளபளக்கும் பச்சைத் திராட்சையும் உலகம் முழுக்கப் பரவியது அந்த அலையில்தான். ஷான்ஜா மட்டும் பெய்ஜிங்கிலேயே நின்றுவிட்டது.

மிச்சமான பாகை என்ன செய்வது? பாத்திரம் கல்லாகிவிட்டதே?

பாகு இறுகுவதற்குள் வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலையை அதில் கொட்டி, ஒரு புரட்டுப் புரட்டி, அதே எண்ணெய்த் தட்டில் பரப்புங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டுவிட்டால் ஆறியதும் துண்டாக உடையும். எங்கள் வீட்டில் தாங்ஹுலுவை விட இதற்குத்தான் அடிபிடி. கடலை இல்லாவிட்டால் பொட்டுக்கடலை, எள், எதுவும் ஆகும்.

கல்லாகிவிட்ட பாத்திரத்தைச் சுரண்டாதீர்கள். கரண்டி, குச்சி எல்லாவற்றையும் அதற்குள்ளேயே போட்டு, முங்கும் வரை தண்ணீர் ஊற்றி அடுப்பில் வையுங்கள். ஒரு கொதியில் எல்லாம் கரைந்துவிடும். அந்தத் தண்ணீரை ஆறவைத்து, எலுமிச்சை பிழிந்து சர்பத்தாகக் குடிப்பவர்களும் எங்கள் வீட்டில் உண்டு.